துணை மீன்

செவுள் துண்டுகளை ஒப்படைத்து ஐம்பத்திரண்டு மணி நேரம் கழித்துத் தொலைபேசி வந்தது. நான் கொல்லையில் வடிகட்டியின் தூரிகைகளை அலசிக்கொண்டிருந்தேன். அப்பா குளத்தின் ஓரத்தில், எப்போதும் உட்காரும் கவிழ்த்த பீர்ப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். கை ஈரமாக இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டேன். போட்டிருக்கக் கூடாது. மறுமுனையில் பேசிய பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். வைரஸ் உறுதியாகிவிட்டது என்றாள். சட்டப்படி குளத்தில் உள்ள எல்லா மீன்களையும் அழிக்க வேண்டும், வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆட்கள் வருவார்கள் என்றாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் மன்னிப்புக் கேட்டாள்.

"மனுஷங்களுக்கு ஒண்ணும் பண்ணாதுங்க. கெண்டை இனத்துக்கு மட்டும்தான்" என்று கடைசியில் சொன்னாள்.

அப்பா தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "எத்தனை?"

"என்னப்பா?"

"தண்ணி. எத்தனை டிகிரி?"

வெப்பமானியை இழுத்துப் பார்த்தேன். "இருபத்தொண்ணு."

"ம்" என்றார். பிறகு, "தூரிகையை நல்லா அலசு" என்றார்.

மிச்சமிருந்த இரண்டு தூரிகைகளையும் அலசி முடித்தேன்.

குளத்தில் முப்பத்தொரு வண்ணக் கெண்டை மீன்கள் இருந்தன. ஒன்பது செத்திருந்தன. முதலில் செத்தது இகராஷி மாமா கொடுத்த மூவண்ண மீன். ஜூன் ஐந்தாம் தேதி காலையில் அது தண்ணீர் விழும் இடத்தில் தலையைத் தூக்கிக்கொண்டு நின்றது. கண் உள்ளே போயிருந்தது. தோலில் வழுவழுப்பு போய் மணல்தாள்போல் இருந்தது. மறுநாள் மிதந்தது. அதன் பிறகு தினமும் ஒன்றோ இரண்டோ. எட்டாவது செத்தபோது அப்பா என்னைப் பார்த்து, "நீ படிச்ச பொண்ணு. என்னன்னு சொல்லு" என்றார். பரிசோதனைக்குக் கொடுக்கலாம் என்றேன். அன்று மதியம் ஒன்பதாவதும் செத்தது. அந்த இரண்டின் செவுள்களிலிருந்துதான் வெட்டி எடுத்தேன். நான் உயிரியல் படித்தவள். இப்போது டவுனில் ஒரு அரிசி ஆலையின் பரிசோதனை அறையில் நெல்லின் ஈரப்பதம் அளக்கிறேன். அங்கே யாரோடும் அதிகம் பேச வேண்டியதில்லை.

இகராஷி மாமா கீழ்ச்சரிவில் இருக்கிறார். அப்பாவோடு படித்தவர். எங்கள் ஊரில் பதினோரு வீடுகளில் குளம் இருக்கிறது. அவர் ஒருவருக்குத்தான் அது பிழைப்பு. தாய் மீன்களை வைத்து முட்டையிட வைத்து, குஞ்சுகளை மலைமேல் சேற்றுக்குளங்களில் விட்டு வளர்த்து, இலையுதிர் காலத்தில் வலை போட்டு எடுத்து விற்பார். அவரிடம் இருந்த பதினெட்டுத் தாய் மீன்களும், நிலநடுக்கத்தில் சாலை அறுந்தபோது ஹெலிகாப்டரில் தூக்கிக்கொண்டு போய்க் காப்பாற்றிய மீன்களின் வாரிசுகள். அந்த ஹெலிகாப்டரில் மாமாவின் மனைவி ஃபுமி அத்தைக்கு இடம் கிடைக்கவில்லை. "மீனுங்களை ஏத்தின பிறகு எடை சரியா இருந்துச்சாம். என்னை நடந்து வரச் சொல்லிட்டாரு" என்று அத்தை யார் வந்தாலும் சொல்வாள்.

எங்கள் குளத்தை அப்பா நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் வரைந்தபோது எனக்கு எட்டு வயது. பழைய வீடு நிலநடுக்கத்தில் சாய்ந்துபோய், இரண்டு குளிர்காலம் தற்காலிகக் குடியிருப்பில் இருந்துவிட்டுத் திரும்பி வந்திருந்தோம். புது வீட்டில் சமையலறைக்கு இடம் குறிப்பதற்கு முன்பே குளத்துக்குக் குறித்துவிட்டார். நீளம் ஐந்து மீட்டர், அகலம் மூன்று, ஆழம் ஒன்றே முக்கால். ஆழத்தில்தான் பிடிவாதமாக இருந்தார். எங்கள் பக்கம் பனி ஆள் உயரத்துக்கு மேல் விழும். மேலே உறைந்தாலும் அடியில் மீன்கள் அசையாமல் கிடப்பதற்கு நாலு டிகிரித் தண்ணீர் வேண்டும். நடுவில் வடிகால், அங்கிருந்து மூன்று வடிகட்டி அறைகள். முதல் அறையில் தூரிகைகள், இரண்டாவதில் வலைப்பாய், மூன்றாவதில் சிப்பி ஓடுகள். இகராஷி மாமா தன் சின்ன மண்தோண்டி இயந்திரத்தை ஓட்டிக்கொண்டு வந்து ஒன்றரை நாளில் தோண்டிக் கொடுத்தார். கரை கட்டும்போது ரசமட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. "குமிழி நடுவுல இருக்கா, விஞ்ஞானி?" என்று மாமா கேட்பார். குமிழி நடுவில் இல்லாவிட்டாலும் இருக்கிறது என்று ஒரு முறை சொன்னேன், அவர் மறுபடியும் கல்லைத் தூக்க வேண்டாமே என்று. வடக்குக் கரை இன்றுவரை அரை விரல் தாழ்வு. மழை பெய்தால் அந்தப் பக்கம்தான் முதலில் வழியும்.

அம்மா வீட்டை விட்டுப் போனது அதற்கு ஆறு வருடம் கழித்து. மீன்களா நானா என்று அவள் கேட்டாள், அப்பா யோசிக்க ஒரு நாள் கேட்டார் என்று ஊரில் ஒரு கதை உண்டு. மாமா கட்டிவிட்ட கதை. அப்பா அதை மறுத்ததில்லை.

போன அக்டோபர் கடைசி ஞாயிறு, அப்பா வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு மீனைக் கண்காட்சிக்குக் கொண்டுபோனார். வெள்ளையில் சிவப்பு, ஒன்பது வயதுப் பெண் மீன். அதற்குப் பத்து நாள் கழித்து அவருக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை. "திரும்பி வர்றேனோ இல்லையோ" என்று மாமாவிடம் சொன்னார். "வரலைன்னா மீனை நான் எடுத்துக்கறேன்" என்றார் மாமா. மீனுக்கு அதன் பிரிவில் மூன்றாம் பரிசு. அன்றிலிருந்து அதற்கு 'மூணாவது' என்று பெயர்.

எங்கள் பக்கத்துக் கண்காட்சிகளில் ஒரே வகை, ஒரே அளவு மீன்களை யாருடையது என்று பார்க்காமல் ஒரே நீலத் தொட்டியில் விடுவார்கள். பக்கத்தில் பக்கத்தில் நீந்தினால்தான் எது அழகு என்று தெரியும் என்பது பெரியவர்கள் பேச்சு. அதனால் கண்காட்சிக்குப் போய் வந்த மீனை யாரும் நேராகக் குளத்தில் விடுவதில்லை. அப்பாவின் முறை இருபத்தொரு நாள். கொட்டகையில் தனித்தொட்டி, ஹீட்டர் போட்டு இருபத்துமூன்று டிகிரி. அந்தச் சூட்டில்தான் வைரஸ் விழிக்கும். கூடவே நம் குளத்திலிருந்தே விலைபோகாத ஒரு சின்ன மீனைத் துணைக்கு விட வேண்டும். வந்த மீன் நோயைச் சுமந்துகொண்டு தான் மட்டும் நன்றாக இருக்கலாம். துணை மீனால் அது முடியாது. இருபத்தொரு நாள் கழித்துத் துணை உயிரோடு இருந்தால் வந்தது சுத்தம். செத்தால், எவ்வளவு அழகான மீனாக இருந்தாலும் அது குளத்துக்குள் போகக் கூடாது.

ஒரு சின்ன வெள்ளை மீனைத் துணைக்கு விட்டோம். அப்பா ஆஸ்பத்திரிக்குப் போனார். தொட்டியை நான் பார்த்துக்கொண்டேன். காலை ஆறு மணிக்கும் மாலை ஏழு மணிக்கும் வெப்பம், அமிலத்தன்மை, அம்மோனியா, நைட்ரைட் எல்லாம் அளந்து நோட்டில் எழுதினேன். தினமும் மாலையில் ஆஸ்பத்திரியிலிருந்து அப்பா கூப்பிடுவார்.

"தண்ணி எத்தனை?"

"இருபத்துமூணு."

"மூணாவது?"

"நல்லா சாப்பிடறா."

"துணை?"

"நல்லா இருக்கான்."

"சரி, வை."

தன்னைப் பற்றி எதுவும் சொல்ல மாட்டார். நானும் கேட்க மாட்டேன். எங்கள் வீட்டில் அப்படித்தான்.

பதினோரு நாள்வரை நோட்டில் எண்கள் ஒழுங்காக இருக்கின்றன. பன்னிரண்டாம் நாள் மதியம் டாக்டர் கூப்பிட்டு, வெட்டி எடுத்த இடத்துக்கு வெளியேயும் இருந்தது என்றார். எவ்வளவு நாள் என்று நான் கேட்காமலே, எவ்வளவு நாள் என்று இப்போது சொல்ல முடியாது என்றார். அன்று மாலையும் அப்பா கூப்பிட்டார். தண்ணி எத்தனை, மூணாவது, துணை. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். நோட்டில் அந்த நாளுக்கான வரி காலியாக இருக்கிறது. அந்த நாளைப் பற்றி நான் யாரிடமும் பேசியதில்லை.

அப்பா வீட்டுக்கு வந்த அன்று, மேல்சட்டையைக்கூடக் கழற்றாமல் நேராகக் கொட்டகைக்குப் போனார். அந்த வருடத்தில் பதினோரு கிலோ குறைந்திருந்தார். தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். மூணாவது மேலே வந்து அவர் விரலை உறிஞ்சியது. அவர் சிரித்ததைப் பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் பார்த்தேன். பிறகு துணை மீனைப் பார்த்தார்.

"இவன் கொஞ்சம் மெலிஞ்ச மாதிரி இருக்கானே. நீ சோறு போடலையா?"

"குளத்துத் தண்ணிக்குப் பழகட்டும்னு ஹீட்டரை எடுத்துட்டேம்ப்பா. சூடு இல்லாததால தீனி குறைச்சேன்."

"அதுவும் சரிதான்" என்றார். இருபத்தொன்றாம் நாள் இரண்டையும் குளத்தில் விட்டோம். குளம் பதினோரு டிகிரி. அடுத்த மாதம் பனி மூடியது. மே மாதம்வரை எந்த மீனுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மே மாதம் இகராஷி மாமா அந்த மூவண்ண மீனைத் தூக்கிக்கொண்டு வந்தார். இரண்டு வயது. அப்பா நடமாடத் தொடங்கியதற்கான பரிசு. அவருடைய தாய் மீன் ஒன்றின் பிள்ளை, விற்பதற்கு இல்லாமல் வைத்திருந்தது.

"தனித்தொட்டியில வைக்கட்டுமாப்பா?" என்று கேட்டேன்.

அப்பா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அவன் மீனையா? அவன் வீட்டுச் சோத்தை மோந்து பார்த்துட்டுச் சாப்பிடற மாதிரி இருக்கும்."

மாமா பையைக் குளத்தில் மிதக்கவிட்டு, "உன் மூணாவதுக்குப் பக்கத்துல விடாத. அவ பெரிய இடம், இவனைச் சேத்துக்க மாட்டா" என்றார். இருவரும் பீர்ப் பெட்டிகளில் உட்கார்ந்து அது நீந்துவதை இருட்டும்வரை பார்த்தார்கள்.

வியாழக்கிழமை ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஆட்கள் வந்தார்கள். ஐந்து பேர், வெள்ளை உடுப்பு, ரப்பர் பூட்ஸ். வாசலில் கிருமிநாசினிப் பாய் விரித்தார்கள். எங்கள் வீட்டிலிருந்து வெளியே போகும் எதுவும் அதை மிதித்துத்தான் போக வேண்டும். மேலதிகாரி மெலிந்த மனிதர், என் அப்பா வயது. முதலில் குளத்தைப் பார்த்து, "நல்லாக் கட்டியிருக்கீங்க" என்றார். பிறகு தாளை எடுத்தார்.

"போன ஒரு வருஷத்துல புதுசா சேத்த மீன்?"

"கீழ் வீட்டு இகராஷி ஷோஜி கொடுத்தது. மே மாசம்" என்றார் அப்பா. "அதுதான் முதல்ல செத்துச்சு."

"தனியா வெச்சிருந்தீங்களா?"

"இல்ல."

அதிகாரி எழுதிக்கொண்டார். "கண்காட்சி ஏதாவது?"

"அக்டோபர்ல ஒண்ணு. இருபத்தோரு நாள் துணையோட தனித்தொட்டியில வெச்சிருந்தோம். துணை உயிரோட இருந்துச்சு. நானே பார்த்தேன்."

நோட்டைக் கேட்டார். கொண்டுவந்து கொடுத்தேன். விரலால் வரிசையாகக் கீழே இறங்கினார். "பன்னெண்டாம் நாள் காலியா இருக்கே, பொண்ணு."

"மறந்துட்டேன்" என்றேன்.

"அவங்க அப்பன் ஆஸ்பத்திரியில கெடந்தான். ஒரு நாள் மறக்க மாட்டாளா?" என்றார் அப்பா.

அதிகாரி தலையாட்டினார். "செத்த மீன் எதையாவது வீட்டைச் சுத்திப் பொதைச்சிருக்கீங்களா? இருந்தா அந்த மண்ணையும் பார்க்கணும்."

கேள்வி என்னைப் பார்த்து வந்தது. "இல்ல" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் என் உதட்டைப் பார்த்து எழுதிக்கொண்டார்.

நீலத் தொட்டிகளில் மயக்க மருந்தைக் கலந்தார்கள். கிராம்பு எண்ணெய் வாசனை கொல்லை முழுக்க எழுந்தது. பல் டாக்டர் அறையின் வாசனை. மீன்களை வலையில் எடுத்து எடுத்து விட்டார்கள். முதலில் வேகமாகச் சுற்றின, பிறகு சாய்ந்தன, பிறகு செவுள் அசைவது நின்றது. வெளியே எடுத்து எடை போட்டார்கள். அப்பா ஒவ்வொன்றையும் அடையாளம் சொன்னார். யாரும் கேட்கவில்லை. "இது நிலநடுக்கத்துக்கு அடுத்த வருஷத்துக் குஞ்சு. இதுக்கு ஒரு கண்ணு தெரியாது. இது என் பொண்ணு காலேஜ் போன அன்னிக்கு வந்தது." வலை பிடித்திருந்த இளைஞன் ஒவ்வொரு முறையும் "ஆமாங்க" என்றான். மூணாவது கடைசிவரை பிடிபடவில்லை. ஆரோக்கியமாக இருந்தாள். மற்றவை மூச்சுத் திணறிக்கொண்டிருந்த நேரத்திலும் தினமும் தீனிக்கு வந்தவள் அவள் ஒருத்திதான். அது ஏன் என்று எனக்குத் தெரியும். அப்பா, "நான் கூப்பிடறேன்" என்று கரையில் மண்டியிட்டு விரலைத் தண்ணீரில் வைத்தார். வந்தாள். விரலை உறிஞ்சினாள். வலை அவளுக்கு அடியில் போனது.

வேலிக்கு அந்தப் பக்கம் இகராஷி மாமா நின்றுகொண்டிருந்தார். அவர் உள்ளே வர அனுமதி இல்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அப்பா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. எல்லாம் முடிந்து குளத்தில் குளோரின் கொட்டிய பிறகு நான் பார்த்தபோது அவர் இல்லை. வாசலில் ஃபுமி அத்தை வைத்துவிட்டுப் போன சோற்றுருண்டைப் பெட்டி இருந்தது. அப்பா அதைத் தொடவில்லை. அவருக்குப் பசி இல்லை என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொள்வது எனக்குச் சுலபமாக இருந்தது.

பிறகு பதினேழு நாட்கள். மழைக்காலம் தொடங்கியது. வேலியோரத்து அஜிசாய்ப் புதர் நீலமாகப் பூத்தது. வடிகட்டி ஓடாததால் கொல்லையில் சத்தமே இல்லை. நான் தினமும் காலை ஆறு மணிக்கு விழித்துக்கொண்டு, அளப்பதற்கு ஒன்றும் இல்லாமல் படுத்துக் கிடந்தேன். மாமாவின் மீன்களையும் சோதித்தார்கள். நோய் இல்லை என்று வந்தது. ஆனாலும் அவரிடம் வழக்கமாக வாங்குகிறவர்கள் இந்த வருடம் வேண்டாம் என்றார்கள். ஊரில் யாரும் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரைப் பார்த்தால் மழையைப் பற்றிப் பேசுவதையும் நிறுத்திவிட்டார்கள், அவ்வளவுதான். கூட்டுறவுக் கடையில் ஃபுமி அத்தை எனக்கு முன்னால் நின்றாள். கூடையில் வழக்கத்தைவிடப் பாதிதான் இருந்தது. "உங்கப்பன் சாப்பிடறானா?" என்று திரும்பாமலே கேட்டாள். "கொஞ்சம்" என்றேன். "இவரு அதுவும் இல்ல" என்றாள். நான் அவளை ஓடிப்போய்ப் பிடித்து நிறுத்தியிருக்கலாம். அவள் வண்டியில் ஏறும்வரை கடை வாசலிலேயே நின்றேன்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு மாமா வந்தார். சாவுக்குப் போடும் கறுப்புக் கோட்டுப் போட்டிருந்தார், கழுத்துப்பட்டியோடு. கையில் துணியில் சுற்றிய இனிப்புப் பெட்டி. எங்கள் வீட்டுக்குள் அவர் கதவைத் தட்டிவிட்டு வந்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

அப்பா அறையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "யார் சாவுக்குப் போயிட்டு வர்ற?"

"நேரா இங்கதான் வர்றேன்."

"நான் இன்னும் சாகலை. சீக்கிரம் வந்துட்ட."

மாமா சிரிக்கவில்லை. முழங்கால் மடக்கி உட்கார்ந்து பெட்டியை முன்னால் தள்ளினார். நான் தேநீர் போடச் சமையலறைக்குப் போனேன். அங்கிருந்து எல்லாம் கேட்கும்.

"உன்னை நான் ஒண்ணும் சொல்லலையே" என்றார் அப்பா.

"சொல்லலை. ஆனா வேலிப் பக்கம் திரும்பவும் இல்ல. ஒரு மாசமா கீழ வரலை."

"எனக்கு நடக்க முடியலை."

"போன மாசம் நடந்தியே, கத்சு."

தண்ணீர் கொதித்தது.

"நீ அவனைத் தனியா வெச்சிருக்கணும்" என்றார் மாமா. "யார் கொடுத்தா என்ன? மீன் மீன்தானே? அன்னிக்கே நான் சொல்லியிருக்கணும். சொன்னா நீ கோவிச்சுக்குவேன்னு விட்டுட்டேன்."

"சொல்லியிருந்தா கோவிச்சிருப்பேன்."

"தெரியும்."

தட்டை எடுத்துக்கொண்டு வந்தேன். மாமா என்னைப் பார்த்துத் தலை தாழ்த்தினார். என்னைப் பார்த்து அவர் அப்படிச் செய்ததே இல்லை.

"நாளைக்குக் காலையில தாய் மீனுங்களை எடுத்துடறேன். பதினெட்டும். மருந்துக்குச் சொல்லிட்டேன்."

அப்பா நிமிர்ந்தார். "பைத்தியமாடா உனக்கு? சோதனையில இல்லைன்னுதானே வந்துச்சு?"

"உள்ள ஒளிஞ்சிருந்தா சோதனையில தெரியாதாம். நான் சொல்லலை. உன் பொண்ணைக் கேளு." மாமா என் பக்கம் திரும்பினார். "விஞ்ஞானி, அப்படித்தானே?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அது உண்மை. பாடப்புத்தகத்தில் இருப்பது.

"அப்படித்தான் மாமா" என்றேன்.

"கேட்டியா? ஊர்ல பதினோரு வீட்டுக் குளம். எல்லாம் ஒரே ஊத்துத் தண்ணி. உன்னுது போச்சு, இன்னும் பத்து இருக்கு. என் மீனுங்க உயிரோட இருக்கிறவரைக்கும் பத்து வீட்டுலயும் ஒருத்தனும் தூங்க மாட்டான். வாயைத் திறந்து கேக்கவும் மாட்டான். கேக்க வைக்கிறது மரியாதை இல்ல."

"ஃபுமி என்ன சொல்றா?"

"மீனுங்களுக்கு ரெண்டு வேளையும் தீனி போடறா. நேத்து ராத்திரி, இந்தத் தடவை ஹெலிகாப்டர்ல எனக்கு இடம் கிடைக்கும்லன்னு கேட்டா."

அப்பா ஜன்னல் பக்கம் பார்த்தார். வெளியே மழை. கழுவி விட்ட குளத்தில் மழைத் தண்ணீர் முழங்கால் அளவு நின்றது. மழை இன்னும் ஒரு வாரம் பெய்தால் வடக்குக் கரையில்தான் முதலில் வழியும். வழிந்து, வேலியோரமாக, அஜிசாய்ப் புதரின் வேரைத் தாண்டி, சரிவில் இறங்கி மாமாவின் வாய்க்காலுக்குப் போகும். எட்டு வயதிலிருந்து எனக்குத் தெரியும்.

"நான் வேண்டாம்னு சொன்னா விட்டுடுவியா?" என்றார் அப்பா.

"நீ அன்னிக்கு அந்த அதிகாரிகிட்ட என் பேரைச் சொன்னியே. அது பொய்யா?"

அப்பாவுக்கு அது பொய் இல்லை.

மாமா இரண்டு கைகளையும் தரையில் வைத்தார். கோட்டின் தோள்பட்டை இறுகியது. நெற்றி பாயில் படும்வரை குனிந்தார். தலையின் பின்பக்கம் முடி மிகவும் குறைந்திருந்தது. குளம் தோண்டிய அந்த ஒன்றரை நாளில் அந்தத் தலையில் துண்டு கட்டியிருந்தது, வியர்வையில் நனைந்து.

"உன் மீனுங்களைக் கொன்னுட்டேன், கத்சு. மன்னிச்சுடு."

"எந்திரிடா" என்றார் அப்பா. எழுந்துபோய்த் தூக்க அவரால் முடியவில்லை. கையை மட்டும் நீட்டினார். அது மாமாவின் தோளுக்கு எட்டவில்லை.

மாமா எழவில்லை. நான் தட்டை வைக்க இடம் தேடினேன். அப்பா என் முகத்தைப் பார்த்தார். தட்டைத் தரையில் வைத்துவிட்டு மாமாவுக்குப் பக்கத்தில் முழங்கால் மடக்கினேன். எனக்குப் பேச்சு வராது. பள்ளியில் வருகைப் பதிவுக்குக்கூடக் கை தூக்கிக் காட்டியவள். பாயின் பின்னல் வரிகளைப் பார்த்துக்கொண்டு, நோட்டில் எழுதுவதுபோல் ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

"மாமா மீன் இல்லப்பா. மூணாவது. பன்னெண்டாம் நாள் காலையில துணை செத்துட்டான். அம்மோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம், தண்ணி இருபத்துமூணு. அஜிசாய்க்கு அடியில பொதைச்சேன். நீங்க பார்த்தது டவுன் கடையில நான் வாங்கிட்டு வந்த வேற மீன். அதுவும் செத்துடக் கூடாதுன்னுதான் ஹீட்டரை எடுத்தேன். பொதைக்கறதுக்கு முன்னாடி செவுளைத் தூக்கிப் பார்த்தேன். வெள்ளையா, திட்டுத் திட்டா இருந்துச்சு. என்னன்னு தெரிஞ்சுது. மூடிட்டேன்."